திறவுகோல் யார் கையில்?

கடல் கடந்து செல்வோர் இரு வகையினர். இறங்கும் ஊரில் எந்தத் தெருவில், எந்த அறையில், எத்தனை இரவு என்பதையெல்லாம் வீட்டிலிருந்தே உறுதி செய்துகொண்டு புறப்படுவோர் ஒரு வகையினர். போய்ச் சேர்ந்தபின் பார்த்துக்கொள்ளலாம், பிடித்த ஊரில் இரண்டு நாள் கூடத் தங்கலாம், பிடிக்காத ஊரை அன்றே விட்டுவிடலாம் என்று எண்ணுவோர் மற்றொரு வகையினர். திருநாட்டுப் பயணத்திற்கோ, உரோமைக்கோ, சிங்கப்பூரிலுள்ள மகன் வீட்டிற்கோ புறப்படும் நம் மக்களிடையே இந்த இரு மனநிலைகளையும் காண்கிறோம். முன்னவர் பின்னவரைப் பொறுப்பற்றவர் என்பர். பின்னவர் முன்னவரை அச்சம் மிகுந்தவர் என்பர்.

இவ்வழக்கு இன்று தோன்றியதன்று. அயல்நாடு செல்வதையே வாழ்க்கையாகக் கொண்ட குடும்பங்கள் நம் புதுக்கோட்டைச் சீமையில் தலைமுறை தலைமுறையாக இருந்து வந்துள்ளன. அவர்கள் எங்கே தங்கினார்கள், அந்த இடத்தை யார் ஏற்பாடு செய்தார்கள், அதனால் அவர்கள் அடைந்ததென்ன, இழந்ததென்ன என்று வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், முன்னேற்பாடா, சுதந்திரமா என்ற வினாவுக்கு அடியில் வேறொரு வினா மறைந்திருப்பது தெரியவரும்.

மறைநூலில் இரு வழிகள்

முதலில் நற்செய்தியையே நோக்குவோம். இயேசு பன்னிருவரை அனுப்பியபோது பணமும் பையும் மாற்றுடையும் வேண்டாமென்றார். எந்த ஊருக்குச் சென்றாலும் தகுதியுடையவர் யாரென்று கேட்டறிந்து, புறப்படும்வரை அவ்வீட்டிலேயே தங்குமாறு பணித்தார். இது முன்பதிவு இல்லாத பயணம். ஆயின் அதே ஆண்டவர், பாஸ்கா விருந்துக்கான இடத்தை அப்படி விட்டுவிடவில்லை. பேதுருவையும் யோவானையும் முன்னரே அனுப்பி, தண்ணீர்க் குடம் சுமந்து வரும் ஆளைப் பின்தொடருமாறு அடையாளம் சொல்லி, மேல்மாடி அறையை ஆயத்தம் செய்வித்தார் என லூக்கா எழுதுகிறார்.

முன்னேற்பாடு பொய்த்துப்போன நிகழ்ச்சியையும் அதே லூக்காவிடம் காண்கிறோம். எருசலேம் செல்லும் வழியில் சமாரியர் ஊரொன்றில் இடம் ஆயத்தம் செய்யத் தூதர்கள் முன்னே சென்றனர். அவ்வூரார் ஏற்க மறுத்தனர். யாக்கோபும் யோவானும் வானத்திலிருந்து நெருப்பை வரவழைக்கலாமா என்று கேட்டனர். ஆண்டவரோ அவர்களைக் கடிந்துகொண்டார். பின்பு அனைவரும் வேறோர் ஊருக்குச் சென்றனர். கதவு அடைபட்டபோது சினங்கொள்ளாமல் அடுத்த ஊரை நோக்கி நடப்பதும் பயணக் கல்வியில் ஒரு பாடமன்றோ!

பவுலடியாரின் வாழ்விலும் இரண்டும் உண்டு. சிறையிலிருந்து பிலமோனுக்கு எழுதிய சிறு மடலின் முடிவில், தமக்குத் தங்க ஓர் அறை ஆயத்தம் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறார். எருசலேமுக்குச் சென்றபோது சைப்பிரசைச் சேர்ந்த மினாசோன் என்பவர் வீடு முன்னரே குறிக்கப்பட்டிருந்தது. ஆனால் பித்தினியாவுக்குச் செல்ல முயன்றவர் தடுக்கப்பட்டு, எண்ணாத மாசிதோனியாவுக்குக் கப்பலேறினார். அங்கே பிலிப்பியில் லீதியா என்ற பெண்மணி வற்புறுத்தித் தம் வீட்டில் தங்கவைத்தார். உரோமைக்குச் சென்ற கப்பல் உடைந்தபோது அதிலிருந்த 276 பேரும் மால்தாத் தீவில் கரையேறினர். தீவின் தலைவர் புப்பிலியு மூன்று நாள் விருந்தளித்தார். அந்த இரவுக்கு எவராலும் அறை குறித்து வைத்திருக்க இயலாது.

தொடக்கத் திருச்சபை இதற்கு ஒழுங்கும் வகுத்தது. 'திதகே' எனப்படும் 'பன்னிரு திருத்தூதர் போதனை' 1873-இல் கண்டெடுக்கப்பட்டு 1883-இல் அச்சேறிய பழம்பெரும் நூல். வருகின்ற திருத்தூதரை ஆண்டவரைப் போல் வரவேற்குமாறு அது பணிக்கிறது. ஆனால் அவர் ஒருநாள் தங்கலாம், தேவையெனில் இரண்டாம் நாளும் தங்கலாம். மூன்றாம் நாளும் தங்கினால் அவர் போலி என்று கண்டிப்பாகக் கூறுகிறது. விருந்தினர் தம் சுதந்திரத்திற்கு ஓர் எல்லை வகுத்துக்கொண்டால்தான் விருந்தளிப்பவர் கதவு திறந்தே இருக்கும் என்பதை அம்மக்கள் அறிந்திருந்தனர்.

பாதையே ஏற்பாடு செய்த காலம்

நம் மண்ணுக்கு வருவோம். வடக்கிலிருந்து இராமேசுவரம் செல்லும் பயணிகளின் பாதையில் இன்றைய நம் மாவட்டக் கடற்கரை ஊர்களான மணமேல்குடி, மீமிசல் போன்றவை அமைந்துள்ளன. தஞ்சை மராத்திய மன்னர்கள் அப்பெருவழிகளில் சத்திரங்களை எழுப்பினர். ஒரத்தநாட்டில் 1802-இல் உருவான முத்தாம்பாள் சத்திரம் அவற்றுள் பெயர்பெற்றது.

இச்சத்திரங்கள் செய்த பணியை இரண்டாம் சரபோஜி மன்னர் 1801-இல் ஆங்கிலேய ரெசிடெண்டு பெஞ்சமின் டோரினுக்கு எழுதிய மடலில் விவரித்துள்ளார். வழிப்போக்கர் அனைவருக்கும் உணவு வழங்கப்பட்டது. சமைத்த சோற்றை உண்ணாதவர்க்கு அரிசியும் பிற பண்டங்களும் அளக்கப்பட்டன. நள்ளிரவில் மணியடித்து, இன்னும் உண்ணாதவர் எவரேனும் உளரோ என்று அழைத்துச் சோறிட்டனர். நோயுற்றவர்க்கு மருத்துவர் இருந்தார். வழியில் கருவுயிர்த்த பெண்கள் பேணப்பட்டனர். பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்குக் கல்வி தரப்பட்டது.

அந்தப் பயணி எதையும் முன்பதிவு செய்யவில்லை. ஆயினும் இடமின்றித் தவிக்கவுமில்லை. அவன் செய்யாத முன்னேற்பாட்டை அவனுக்காக நாடு செய்து வைத்திருந்தது. சத்திரத்திற்கு அப்பாலும், கருவுற்றிருந்தபோதே இறந்த பெண்களின் நினைவாக நடப்பட்ட சுமைதாங்கிக் கற்களும், கோடைத் தண்ணீர்ப் பந்தல்களும், வீட்டுத் திண்ணைகளும் முன்பின் அறியாதவனுக்காகக் காத்திருந்தன. எனினும் உண்மையை மறைத்தல் கூடாது. அக்காலச் சத்திரங்களில் சமையலும் பந்தியும் சாதி வழியே பிரிந்திருந்தன. யார் எங்கே தலைசாய்க்கலாம் என்பதைப் பசியும் களைப்பும் மட்டும் முடிவு செய்யவில்லை. பிறப்பும் முடிவு செய்தது.

இத்தடையை மதுரை மறைப்பணித்தளத்துக் குருக்களும் எதிர்கொண்டனர். 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி மேற்குலத் துறவியின் கோலம் பூண்டார். ஆகவே தாழ்த்தப்பட்ட மக்களுடன் வெளிப்படையாகத் தங்க இயலாதவரானார். பின்னர் வந்தோருள் பலர் பண்டாரசுவாமிகளாயினர். அக்கோலத்தில் பல குலத்தாரிடமும் செல்ல முடிந்தது. கோலத்தைத் தேர்ந்தபோதே, எந்த வீட்டுக் கதவு திறக்கும், எது மூடும் என்பதையும் அவர்கள் தேர்ந்துவிட்டனர். 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பூசே அடிகளார் நம் மாவட்டத்து ஆவூரைப் பணித்தளமாகக் கொண்டு கோவில் எழுப்பினார். அலைந்து திரிந்து பணியாற்றிய குருக்களுக்கும் திரும்பி வந்து இளைப்பாற ஓரிடம் வேண்டியிருந்தது.

புனித அருளானந்தரோ பண்டாரசுவாமியாய் மறவர் சீமையில் நடந்து திரிந்தவர். 1687-இல் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டபோது, இளமையில் தம்முடன் பழகிய போர்த்துக்கல் மன்னர் அவரை அங்கேயே நிறுத்திக்கொள்ள விழைந்தார். அரண்மனை அறை அவருக்கு ஆயத்தமாயிருந்தது. அவர் அதை மறுத்து 1690-இல் திரும்பி வந்து, 1693 பிப்ரவரி 4-ஆம் நாள் ஓரியூரில் தலை கொடுத்தார். தமக்கு ஏற்பாடான இடத்தை வேண்டாமென்று சொல்லும் உரிமை அவரிடம் இருந்தது. இவ்வுரிமையை நினைவில் இருத்துவோம். இனி வரும் வரலாற்றுக்கு இதுவே அளவுகோல்.

கிட்டங்கியும் லயமும்

19-ஆம் நூற்றாண்டில் நம் சீமையிலிருந்து இருவகை மக்கள் கடல் கடந்தனர். இராயவரம், அரிமளம், பனையப்பட்டி, குழிபிறை, நச்சாந்துபட்டி, விராச்சிலை, கோனாபட்டு, ராங்கியம் ஆகிய ஊர்களின் நகரத்தார் ஒரு வகையினர். வறட்சியும் கடனும் துரத்த, கங்காணியின் பின்னே சென்ற உழைப்பாளிகள் மற்றொரு வகையினர். இருவருக்குமே தங்குமிடம் முன்கூட்டி ஏற்பாடாயிருந்தது.

நகரத்தார் மரபில் தனியாகச் சென்று அறை தேடும் வழக்கமில்லை. இரங்கூனில் மொகல் தெரு, பினாங்கில் பினாங்குத் தெரு, சிங்கப்பூரில் மார்க்கெட் தெரு என்று கப்பலேறும் முன்பே முகவரி தெரியும். அங்கேயுள்ள கிட்டங்கி நீண்ட கூடம். இருமருங்கிலும் ஒவ்வொரு கடைக்கும் ஒரு பெட்டி, ஒரு சாய்மேசை. பகலில் கொடுக்கல் வாங்கல். இரவில் அவ்விடத்திலேயே பாய் விரித்துப் படுக்கை. எல்லாருக்கும் பொதுச் சமையல். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் எனப் படிநிலை. பெரும்பாலும் மூன்றாண்டுக் கணக்கு. மனைவி மக்கள் ஊரில் இருந்தனர். கிட்டங்கிக்கு அருகே இறைவழிபாட்டிற்கும் இடம் செய்துகொண்டனர். சிங்கப்பூர் தெண்டாயுதபாணி கோவில் 1859-இல் அமைந்தது. புனிதப் பயணத்திலும் இதே முறைதான். காசியில் அவர்களுடைய நகரச் சத்திரம் 1863 முதல் இருந்து வருகிறது.

இம்முறையின் வலிமை வெளிப்படை. புதிதாக வந்த பையன் முதல் இரவே தன் மொழி பேசுவோரிடையே, தன் ஊர்ச் சோற்றை உண்டு உறங்கினான். ஏமாற்றுக்காரனுக்கு அங்கே இடமில்லை. செலவு குறைவு, கண்காணிப்பு மிகுதி. ஆனால் அக்கதவு தம்மவர்க்கு மட்டுமே திறந்தது. அன்றியும், எந்த நாட்டில் வாழ்ந்தார்களோ அந்த நாட்டு மக்களின் வீட்டுத் திண்ணையில் அமரும் வாய்ப்பு அவர்களுக்கு அரிதாயிற்று. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களின் விளைநிலத்தில் 1930-இல் ஏறத்தாழ 6 விழுக்காடு செட்டியார்களிடம் இருந்தது. உலகப் பொருளாதார வீழ்ச்சியில் கடன்பட்ட உழவர்கள் நிலத்தை இழக்க, 1938-இல் அது 25 விழுக்காடாயிற்று. வீடிருந்தும் அண்டை வீடு இல்லாத நிலை அது.

சிங்கப்பூருக்கும் மலேயாவுக்கும் சென்ற தமிழ்க் கத்தோலிக்கருக்குக் கிட்டங்கி இல்லை. சிங்கப்பூர் ஓபிர் சாலையில் 1888-இல் எழுந்த தூய லூர்து அன்னை ஆலயம் போன்ற கோவில்களே அவர்களுக்குக் கூடுமிடமாயின. ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நின்றால் ஊர்க்காரரைக் காணலாம். பிற்காலத்தில் 1926 முதல் 1973 வரை ஓடிய 'ரஜுலா' கப்பலில் மேல்தளப் பயணியாய்ச் சென்றவர், எத்துணை உறுதியான முகவரி வைத்திருந்தாலும், பினாங்கிலோ சிங்கப்பூரிலோ நோய்த்தடுப்புத் தீவில் சில நாள் இருத்தப்படுவதுண்டு. முன்னேற்பாடு எதையும் முழுவதுமாக உறுதி செய்துவிடாது.

இனி இலங்கைத் தோட்டங்களை நோக்குவோம். திருச்சி, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து மக்கள் முதலில் காப்பித் தோட்டங்களுக்கும், 1869-இல் காப்பியை நோய் தாக்கியபின் தேயிலைத் தோட்டங்களுக்கும் சென்றனர். 1914-இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பலும் இரயிலும் இணையும் முன்பு, மன்னாரிலிருந்து மாத்தளைவரை நூறு மைலுக்கும் மேற்பட்ட காட்டுவழியே நடந்தவர் பலர். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே மாண்டவர் ஆயிரக்கணக்கினர். அப்பாதையில் அவர்களுக்கென ஒரு சரபோஜி இல்லை.

நடந்து பிழைத்தவர்க்குத் தோட்டத்தில் இடம் ஆயத்தமாக இருந்தது. அதன் பெயர் லயம். ஏறத்தாழ பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிரா ஒன்றில் ஒரு குடும்பம். சிலபோது அதற்கும் மேல். வாடகை இல்லை என்று சொல்லப்பட்டது. ஆனால் கங்காணி தந்த முன்பணம் ஊரை விட்டுப் புறப்பட்ட நாளிலேயே கடனாகக் கணக்கில் ஏறியது. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குச் செல்ல வேண்டுமாயின் 'துண்டு' வேண்டும். புதிய தோட்டத்துத் துரை இக்கடனைத் தீர்த்தால் இவர்களை விடுவிப்போம் என்னும் சீட்டு அது. 1921-ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. ஆயினும் வேலை போனால் வீடும் போகும் என்ற நிலை தொடர்ந்தது.

கிட்டங்கியும் முன்கூட்டி ஏற்பாடான இடம். லயமும் முன்கூட்டி ஏற்பாடான இடம். பாயும் தரையும் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே. வேறுபாடு எங்கே உள்ளது? கிட்டங்கியை அதில் தங்கியோரின் சமூகமே நடத்தியது. கணக்கு முடிந்தால் ஊர் திரும்பலாம். லயத்தின் திறவுகோல் தோட்டத்தாரிடம் இருந்தது. புறப்படும் உரிமைக்கே விலை வைக்கப்பட்டது.

ஏற்பாடுகள் எல்லாம் சிதைந்தபோது

இரங்கூனின் மீது 1941 டிசம்பர் 23-ஆம் நாள் குண்டுகள் விழுந்தன. 1942 மார்ச்சு 8-ஆம் நாள் நகரம் சப்பானியர் வசமாயிற்று. மொகல் தெருப் பெட்டிகள் கேட்பாரற்றுக் கிடந்தன. ஏறத்தாழ ஐந்து இலட்சம் இந்தியர் பர்மாவை விட்டு வெளியேறினர். கப்பலில் இடம் கிடைக்காதோர் அரக்கான் மலை வழியாகவும், தமு வழியாக மணிப்பூருக்கும் நடந்தனர். வட்டிக்கடை மேலாளும் துறைமுகக் கூலியும் ஒரே பாதையில் நடந்தனர். பல்லாயிரவர் வழியில் மாண்டனர். ஐரோப்பியருக்கு வசதியான வழியும் இந்தியருக்குக் கடினமான வழியும் ஒதுக்கப்பட்டன என்ற குற்றச்சாட்டு அப்போதே எழுந்தது.

இலங்கையில் 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30-ஆம் நாள் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. 1,50,000 பேர் பின்னர் பேசித் தீர்க்க விடப்பட்டனர். இந்தியாவுக்கு வந்தோரில் பலர் தாத்தா புறப்பட்ட ஊரில் தமக்கொரு திண்ணையும் இல்லாததைக் கண்டு, நீலகிரித் தேயிலைக்கே திரும்பினர். 1983-க்குப் பின் உள்நாட்டுப் போர் புதிய அகதிகளைக் கரை சேர்த்தது. நம் மாவட்டத்தில் லேணாவிலக்கு, தோப்புக்கொல்லை, அழியாநிலை ஆகிய இடங்களில் முகாம்கள் எழுந்தன. 2021-இல் தமிழக அரசு அவற்றுக்கு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயரிட்டது. சில நாளைக்கென்று ஏற்பாடான தங்குமிடத்தில் பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, பெற்றோருமாகிவிட்டனர்.

நமக்குரிய பாடம்

இவ்வரலாற்றின் ஒளியில் தொடக்க வினாவை மீண்டும் எடுப்போம். சுற்றுலாவாகவோ புனிதப் பயணமாகவோ செல்வோர்க்கு இரண்டு வழியும் நல்லவையே. முதியோரும் குழந்தைகளும் உடன் வந்தால், நள்ளிரவில் விமானம் இறங்கினால், முதல் இரவுக்கும் கடைசி இரவுக்கும் இடத்தை உறுதி செய்வது அறிவுடைமை. ஐரோப்பிய ஷெங்கன் நாடுகளுக்கு விசா கேட்போர் தங்குமிடச் சான்றும் காட்ட வேண்டும். திருவிழாக் காலத்திலும் யூபிலி ஆண்டிலும் அறை கிடைப்பது அரிது. ஆயினும் எல்லா நாள்களையும் இறுகக் கட்டிவிடாமல் நடுவே ஓரிரு நாளைத் திறந்து வைத்தல் நன்று. மாசிதோனியாவின் அழைப்பு நம் அட்டவணையில் எழுதப்பட்டிருப்பதில்லை. ஏற்பாடு பொய்த்தால் நெருப்பை வரவழைக்காமல் அடுத்த ஊருக்குச் செல்லும் மனமும் வேண்டும்.

வேலைக்காக வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் செல்லும் நம் இளைஞர்க்கோ இது வாழ்வா தாழ்வா என்னும் வினா. 'தங்குமிடம் இலவசம்' என்ற சொல் அவர்களை எளிதில் ஈர்க்கிறது. லயமும் இலவசமாகத்தான் இருந்தது. தங்குமிடம் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டுள்ளதா? ஓர் அறைக்கு எத்தனை பேர்? வேலையை விட்டால் எத்தனை நாள் அங்கே இருக்கலாம்? கடவுச்சீட்டு யார் கையில் இருக்கும்? முகவருக்குக் கொடுக்கக் கடன் வாங்கிய தொகை எவ்வளவு? ஒப்பந்தத்தின் படி ஒன்று வீட்டில் இருக்கிறதா? 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் பதிவு பெற்ற முகவர்களையும் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தையும் முன்வைத்தது இவ்வினாக்களுக்காகவே. பங்குதோறும் இளையோர் கூட்டங்களில் இவற்றைப் பேசுவது மறைக்கல்விக்குப் புறம்பானதன்று. கதவை உள்ளிருந்தும் திறக்க முடிகிறதா என்று பார்த்தபின்பே அதனுள் நுழைதல் வேண்டும்.

இறுதியாக, பயணியைப் பற்றி மட்டும் பேசி முடித்தல் ஆகாது. பயணம் செய்வோன் அச்சமின்றி, அட்டவணையின்றிச் செல்ல முடிவது, வழியில் யாரோ ஒருவர் கதவைத் திறந்து வைத்திருப்பதால்தான். நம் பிள்ளைகள் அயல்நாட்டில் எப்படி நடத்தப்பட வேண்டுமென்று விரும்புகிறோமோ, அப்படி இங்கே வந்திருப்போரை நாம் நடத்துகிறோமா? கட்டடப் பணியிலும் ஆலைகளிலும் உழைக்கும் வடமாநிலத்தவர் தகரக் கொட்டகையில் உறங்குகின்றனர். மறுவாழ்வு முகாம்களில் மூன்றாம் தலைமுறை காத்திருக்கிறது. இறுதித் தீர்ப்பில் நம்மை நோக்கிக் கேட்கப்படும் வினாக்களுள் ஒன்று, அந்நியனாக வந்தவரை ஏற்றுக்கொண்டோமா என்பது. நள்ளிரவில் மணியடித்து, இன்னும் உண்ணாதவர் உளரோ என்று தேடிய மண் இது. அந்த மணியோசை நம் ஆலய முற்றங்களிலிருந்தும் எழுமாக.